குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க

அந்த மூக்குக்கண்ணாடியை இப்போதும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துகாட்ட முடியும். தடித்த கறுப்புச் சட்டம். வலது காதில் மாட்டும் பகுதி எப்போதோ ஒடிந்துபோய், மோட்டாருக்கு வைண்டிங் சுற்றும் செம்புக் கம்பியால் இழை இழையாகக் கட்டப்பட்டிருக்கும். கடையில் கொடுத்து மாற்றியிருக்கலாம். ஆனால் பம்புசெட் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவருக்குக் கைநீட்டினால் செம்புக் கம்பி கிடைக்கும்போது கடை எதற்கு? வைண்டிங் பிரிவுப் பெண்கள் சுற்றிக்கொடுத்தது. கண்ணாடிதான் ஒருநாள் உடையுமே தவிர அந்தக் கட்டு பிரியாது என்று எல்லோருக்கும் தெரியும். பகல் முழுக்க அது அவருடைய சட்டைப் பையில் தூங்கும். சினிமாக் கொட்டகையில் விளக்கு அணைந்ததும் எழுந்து மூக்கின்மேல் ஏறும். அவருக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரியும், தூரத்தில் இருப்பதுதான் கலங்கும். ரசீது, போல்ட்டு, வாஷர், டீ கிளாஸ் எல்லாமே கைக்கெட்டும் தூரம். ஆகவே அலுவலகத்துக்கு அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. மனிதர்களைப் பார்க்கவும் தேவைப்படவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்த அன்றே என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பிரிவில் நான் வேலை பார்த்தேன். எங்களுக்கு எதிரே, கம்பிவலை போட்ட தடுப்புக்கு அந்தப் பக்கம், ஸ்டோர்ஸ். அதன் பொறுப்பாளரை எல்லோரும் ஸ்டோர்ஸ் சார் என்போம். சம்பளம் வாங்குவது ஸ்டோர்ஸுக்காக. உண்மையான உத்தியோகம் சினிமா விமர்சனம். தமிழ்ப் படம் பக்கமே போகமாட்டார். வெள்ளிக்கிழமை எந்த இந்திப் படம் வந்தாலும் அன்று மாலையே பார்த்துவிடுவார். இங்கிலீஷ் படம் சனிக்கிழமை. ஞாயிறு காலை ஊரில் ஒரு சினிமா சங்கத்தார் சிறிய அரங்கொன்றில் போடும் வெளிநாட்டுப் படங்கள். திங்கட்கிழமை டீ நேரத்தில் கேன்டீனில் மூன்றுக்கும் தீர்ப்பு. எந்தப் பத்திரிகையிலும் அவர் ஒரு வரி எழுதியதில்லை. எழுதச் சொன்னால், “எழுதுனா திருத்த முடியாதுங்க. வாயில சொன்னா அடுத்த வாரம் மாத்திக்கலாமுங்க” என்பார். மாற்றவும் செய்வார். அவர் ஓடாது என்ற படங்கள் ஓடின. ஓடும் என்ற படங்களின் பெட்டி மறுவாரமே ரயிலேறியது. அதனால் அவருடைய மதிப்பு குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

இத்தனைக்கும் அவருக்கு இந்தி தெரியாது. இங்கிலீஷ், பில் போடும் அளவுக்கு. ஜப்பானும் பிரெஞ்சும் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடியில் இங்கிலீஷில் எழுத்து ஓடும் படங்களிலும் எழுத்தைப் படிக்கமாட்டார். டைப்பிஸ்ட் அக்கா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: “ஏனுங்க சார், பாஷையே தெரியாமப் பார்த்துப்போட்டு எப்பிடிங்க நல்லாருக்குது, நல்லாயில்லைன்னு சொல்றீங்க?” ஸ்டோர்ஸ் சார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “பாஷை தெரிஞ்சா அவங்க சொல்றதை நம்பிப்போடுவோமுங்க அம்மணி. தெரியாட்டித்தான் மூஞ்சியைப் பார்ப்போம்.” எனக்கு அது அப்போது நல்ல சமாளிப்பாகத்தான் பட்டது.

அவருடைய விமர்சனங்களில் கதை இருக்காது. கோடீஸ்வரனின் மகன் காதலுக்காக லாரி டிரைவராகும் ஓர் இந்திப் படம் வந்தது. மற்றவர்கள் காதலைப் பற்றிப் பேசினார்கள். இவர், “லாரி ஓட்டறவன் கை பாருங்க, நகத்துல ஒரு பொட்டுக் கிரீஸ் இல்லீங்க” என்று ஆரம்பித்தார். அப்புறம் மழைப் பாட்டுக்கு வந்தார். “அந்த மழைக்கு ஏழரை ஹெச்.பி. மோட்டார் போட்டிருக்கானுங்க. ரெண்டாவது சரணத்துல வோல்ட்டேஜ் கொறஞ்சு போச்சு. மழை அந்தப் புள்ளை மேல பெய்யாம பின்னாடி நிக்கற குதிரை மேல பெய்யுது. குதிரைக்கு ஒண்ணும் புரியலீங்க, கேமராவைப் பார்க்குது. அந்தப் படத்துலயே நல்லா நடிச்சது அதுதானுங்க.” சங்கத்தில் போட்ட வெளிநாட்டுப் படமொன்றில் ஒரு கிழவர் பனியில் பேருந்துக்குக் காத்திருப்பாராம், படம் முழுக்க அதுதானாம். “செருப்பு மொதல்ல எடது கால்ல அந்துருந்துச்சு. பொறவு பார்த்தா வலது கால்ல அந்துருக்குது. கடியாரம் ஒரு பக்கம் ஓடுது, நெழல் ஒரு பக்கம் போவுது. பஸ்சே வராத ஊருல டிக்கெட் எதுக்குங்க கையில?” இப்படி டீ ஆறும்வரை குற்றம் அடுக்குவார். அடுக்கும்போது கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த வாரத்திலேயே அதே படத்துக்கு இன்னொரு முறை போவார்.

வேறு சில படங்கள் உண்டு. எப்படிங்க சார் என்று கேட்டால், கண்ணாடியைத் தொடவே மாட்டார். “குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு வடையை எடுப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நான் இதை நம்பி ஒரு தீபாவளிக்கு என் அம்மாவையும் ஈரோட்டிலிருந்து வந்திருந்த அத்தையையும் ஒரு பெரிய இந்திப் படத்துக்குக் கூட்டிப்போனேன். குடும்பம் மொத்தமும் கண்ணீர் விடும், பிறகு பாடும், மறுபடி கண்ணீர் விடும். இடைவேளை தாண்டியதும் அத்தை என் காதருகே குனிந்து, “ஏங்கண்ணு, இந்தாளு எப்பச் சாவான்? ஊட்டுக்குப் போகோணும்” என்றார். கதாநாயகனைத்தான் சொன்னார். அவன் கடைசிவரை சாகவில்லை. பண்டிகை முடிந்து வேலைக்குப் போனதும் நேராக ஸ்டோர்ஸில் போய் நின்றேன். “சார், குறையே இல்லைன்னீங்களே?” அவர் துளியும் சங்கடப்படவில்லை. “ஆமாங்க. குறை சொல்லோணும்னா பார்த்திருக்கோணுமில்லீங்க? நான் மொதல் பாட்டுலயே தூங்கிப்போட்டனே” என்றார். அன்று முதல் அவர் அகராதி எனக்குப் பிடிபட்டது. குற்றம் நிறைய என்றால் மனிதர் படத்தில் கரைந்துபோயிருக்கிறார் என்று பொருள். குறை ஒன்றுமில்லை என்றால் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம்.

இந்த அகராதி தெரியாமலே இருந்திருந்தால் நான் நிம்மதியாகக் கல்யாணம் செய்துகொண்டிருப்பேன்.

வெள்ளகோவிலில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பார்த்த அன்று நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காப்பியில் பாதியைச் சாசரிலும் மீதியைச் சட்டையிலும் குடித்தேன். தட்டை வாங்க வந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்பை வீடு திரும்பும்வரை பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தேன். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இனி அவர்கள் முடிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்குப் பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசாரிப்பார்கள். விசாரிக்கிறோம் என்று காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஏதோ சாமான் வாங்க வந்தவர்கள் மாதிரி வருவார்கள். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

அப்படித்தான் பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் ஒரு காலை ஸ்டோர்ஸ் கவுன்ட்டரில் வந்து நின்றார்கள். அந்த நேரம் நான் உள்ளே, அடுக்கிவைத்த பம்பு பாடிகளுக்குப் பின்னால், பார்சலுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே வரவும் முடியாது, ஒளியவும் முடியாது. ஒளிந்தது மாதிரிதான் இருந்தேன். பெண்ணின் அப்பா அஞ்சு ஹெச்.பி. மோட்டார் விலை கேட்டார். தாய்மாமன் கிணற்றின் ஆழம் சொன்னார். பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏனுங்க, உங்க டெஸ்பாட்சுல ஒரு பையன் இருக்கறாராமா... எங்க சொந்தம் ஒறம்பரையில ஒருத்தரு அவருக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு பார்க்கறாங்க. ஆளு எப்பிடிங்க?” என்றார்.

ஸ்டோர்ஸ் சார் யோசிக்கவே இல்லை. “குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க” என்றார். கண்ணாடி பையிலேயே இருந்தது.

வந்தவர்கள் முகம் மலர்ந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். சாதாரண மனிதன் என்றால் அங்கேயே ஒரு துள்ளல் போட்டிருப்பான். எனக்கோ முதுகில் வியர்த்துக் கொட்டியது. இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்த மனிதர் என்னைப் பற்றி, கண்ணைத் திறந்தே பார்க்காத படத்துக்குச் சொல்லும் தீர்ப்பைச் சொல்லிவிட்டாரே! அந்த அழுகைப் படமும் நானும் ஒன்றா? பயம் வந்தால் மற்றவர்கள் மூலையில் உட்காருவார்கள். நான் எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டு வருவேன். இப்போதும் அப்படித்தான். அன்றும் எழுந்து போனேன்.

“சார், எம்மேல உங்களுக்கு என்னங்க கோபம்?”

அவர் நிமிர்ந்து என் பக்கமாகப் பார்த்தார். என்னை அல்ல, என் பக்கமாக. “கோபமா? எனக்கென்னுங்க கோபம்?”

“பின்ன அவங்ககிட்ட குறை சொல்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டீங்களே. நீங்க எந்தப் படத்துக்கு அப்பிடிச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

அவர் கையிலிருந்த வாஷரை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, ஏதோ பெரிய தப்பில் மாட்டிக்கொண்டவர் போல, “அட, ஆமாங்க” என்றார். “பார்க்காத படத்துக்கு விமர்சனம் சொல்லிப்போட்டனுங்களே. உங்க கொரல் தெரியும். சட்டைக் கலரு தெரியும். ஆளை நான் பார்த்ததே இல்லீங்களே.” அதோடு விட்டாரா என்றால் இல்லை: “இதை இப்பிடி விடக்கூடாதுங்க. ஒரு வாரம் பார்த்துப்போட்டு, நானே வெள்ளகோயல் போயிச் சரியாச் சொல்லிப்போட்டு வாரேன்.”

“வேண்டாமுங்க சார். அவங்க சந்தோசமாத்தான் போனாங்க!”

“அதெப்பிடிங்க? ஒரு புள்ளையோட வாழ்க்கை. நான் சொன்னதை நம்பி அவங்க டிக்கெட் எடுத்துப்போட்டா?”

முடிந்த காரியத்தை நானே போய் அவிழ்த்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை ஸ்டோர்ஸ் சார் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். தொழிற்சாலையே அதிர்ந்தது. கேன்டீன் மாஸ்டர், டீத்தூள் கணக்கைப் பார்க்க முதலாளி ஆள் வைத்துவிட்டதாக நினைத்து, அன்றைக்கு மட்டும் டீயில் பாலைக் கூடுதலாக ஊற்றினார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இரண்டு தடித்த வட்டங்கள் என்னையே பார்த்தபடி இருந்தன. நான் தலையை வாரினேன். மேஜையை அடுக்கினேன். யாரும் கேட்காமலே வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னேன். போனில் பேசும்போது அறிவிப்பாளர் மாதிரித் திருத்தமாகப் பேசினேன். வலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது: “ஏனுங்க, ஓவரா நடிக்காதீங்க. க்ளோசப்புல தெரியுது.” டைப்பிஸ்ட் அக்கா மிஷினைவிட்டுத் தலையைத் தூக்கி, “ஏங்கண்ணு, இந்த வாரம் நீதான் ரிலீசா? ஓடுமா?” என்றார். அந்த வாரம் முழுக்க எந்தப் பிரிவு வாசலிலும் என்னைப் பற்றிய பேச்சுத்தான். தாராபுரம் போகவேண்டிய மோட்டாரை நான் தர்மபுரிக்கு அனுப்பியதும் அந்த வாரம்தான். அதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். சினிமா சங்கத்து அனுமதிச் சீட்டு. “நாளைக்கு நான் கரூர் பஸ்சுல வெள்ளகோயல் போறேன். காலம்பரப் படம் உட்டுப்போகுது. நீங்க போயிப் பார்த்துப்போட்டு எனக்குச் சொல்லுங்க.” ஞாயிற்றுக்கிழமைப் படத்தை அவர் விட்டதாக யாருக்கும் நினைவில்லை. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். “பார்க்கறதுக்கு முன்ன கதை கேக்கக்கூடாதுங்க” என்று போய்விட்டார்.

அந்தப் படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கறுப்பு வெள்ளை. ஒரு ரயில் வந்தது, அல்லது போனது. திரையில் யாரோ கதவைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அது வெள்ளகோவில் வீட்டுக் கதவாகத் தெரிந்தது. இந்நேரம் காங்கேயம் தாண்டியிருப்பார். இந்நேரம் செருப்பைக் கழற்றியிருப்பார். இந்நேரம் தர்மபுரியைச் சொல்லியிருப்பார். என் பக்கத்தில் இருந்த தாடிக்காரர் படம் முடிந்ததும், “அருமை, இல்லையா?” என்றார். அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் கண்ணாடி பழையபடி பைக்குள் போயிருந்தது. என்ன நடந்தது என்று அவர் முகத்தில் ஒரு எழுத்தும் இல்லை. எனக்கு எழுத்து ஓடினால்தான் புரியும். கேன்டீனில் எதிரே உட்கார்ந்தேன்.

“படம் எப்பிடிங்க?” என்றார் அவர்.

“குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க” என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். “சரி, தூங்கிப்போட்டீங்க” என்று வடையை என் பக்கம் தள்ளினார். வெள்ளகோவிலைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்தது போதும் என்று முதல்முறையாகத் தோன்றியது. வியாழக்கிழமை என் வீட்டுக்குச் செய்தி வந்தது, நாள் குறிக்கலாம் என்று.

அன்று அங்கே நடந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவிதான் சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டவள் அவள். அவர் வந்து உட்கார்ந்ததும், முன்பு சொன்னது தவறு, ஆளைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாராம். மாமனார் முகம் அப்போதே சுண்டிவிட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாராம். “பையன் சரியான பயந்தாங்கொள்ளிங்க. போன் அடிச்சா எந்திரிச்சு நின்னுக்கறாரு. பொய் சொன்னாக் காது செவந்து போவுது, சொல்ற பொய் பூராவும் வீணுங்க. பயம் வந்தா ஜோக் அடிக்கறாரு, பாதிக்குச் சிரிப்பே வரலீங்க. ஆரும் சிரிக்காட்டி அவரே சிரிச்சுக்கறாரு. சோத்துல நல்லதைக் கடைசிக்குன்னு ஒதுக்கி வெக்கறாரு. அதுக்குள்ள பக்கத்துல ஒருத்தரு கேட்டா எடுத்துக் குடுத்துப்போட்டு வெறும் மோருசோறு திங்கறாரு. தாராவரத்துக்குப் போற மோட்டாரைத் தர்மபுரிக்கு அனுப்பிப்போட்டு, லாரிக்காரன் மேல பழி போடலாமுன்னு இருந்தும், நானுன்னு தானாப் போயிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டாரு. சமத்து பத்தாதுங்க.” இதற்குள் காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டதாம். அவரை வழியனுப்பிவிட்டு வந்த மாமனார், இது சரிப்படாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பு அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. விசாரித்த இடத்திலெல்லாம் குறையே இல்லை, குறையே இல்லை என்றார்கள். கடைசியில் அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே இன்னொரு ஊரில் ஒரு குடும்பம் இருந்தது தெரியவந்தது. அதைத்தான் அவள் அப்பாவிடம் ஞாபகப்படுத்தினாள். “குறையில்லாதவரைப் பார்த்தாச்சுங்கப்பா. இவரு கோளாறெல்லாம் வெளியவே தெரியுது. இதுக்கு மேல என்னத்தைங்க விசாரிக்கறது?” மாமனார் இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் தோட்டத்துக்குப் போய்வந்தார். மூன்றாம் நாள் சரி என்றார். இதைச் சொல்லி முடித்து என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். சிரிப்பு வரவில்லை. நானே சிரித்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கொட்டகைகளில் பாதி கல்யாண மண்டபம், மீதி கார் நிறுத்தம். ஸ்டோர்ஸ் சார் மதுக்கரைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் மனைவியோடு போய்ப் பார்த்தேன். கண்புரைக்கு அறுவை செய்து லென்ஸ் வைத்தாகிவிட்டதாம்; தூரத்தில் இருப்பதெல்லாம் கண்ணாடி இல்லாமலே தெரிகிறதாம். உலகத்துப் படமெல்லாம் வீட்டு டிவியில் வருகிறது. மகன் இஷ்டத்துக்குத் தமிழிலேயே பேசவைத்துவிடுகிறான் என்று குறைப்பட்டுக்கொண்டார். “எல்லாம் புரியுதுங்க. அதனால ஒண்ணும் தெரியறதில்லீங்க.”

பேச்சுவாக்கில் என் மனைவி விளையாட்டாகக் கேட்டாள்: “ஏனுங்கய்யா, எங்கூட்டுக்காரரு இப்ப எப்பிடிங்க இருக்காரு?”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத முகம். அவர் எப்போது பார்க்கிறார், எப்போது பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கிருந்த ஒரே வழியும் போய்விட்டிருந்தது.

“குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க” என்றார்.

நரைத்த மீசையோடு, பேத்தி எடுத்த வயதில், எனக்கு முதுகில் வியர்த்தது. அவ்வளவுதானா? பார்த்துப் பார்த்துத் தூங்கிப்போய்விட்டாரா? என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. எழுந்திருக்கலாமா, ஒரு ஜோக் சொல்லலாமா என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அதற்குள் அவர் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே அந்தப் பழைய கறுப்புக் கண்ணாடி. செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது, கட்டு பிரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டால் இப்போது எல்லாமே கலங்கத்தான் செய்யும். அவர் போட்டுக்கொள்ளவில்லை. சட்டை நுனியை எடுத்து நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

“இல்லீங்க அம்மணி, இருங்க. மொதக் கோளாறு என்னன்னா...”

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.